எக்ஸ்ட்ரீம்லி இல்லாத மழை

வானிலை அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அகராதி. காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் பாதிப் பேரும், அவள் எழுதியதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மல்லுக்கு நிற்பாள் என்பதால் மீதிப் பேரும் அப்படிக் கூப்பிட்டார்கள். இரண்டு அர்த்தமும் தனக்குப் பொருந்துகிறது என்று அவளே ஒப்புக்கொண்டிருந்தாள்.

காலை ஐந்தரை மணி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. கணிப்பு அறையிலிருந்து எண்கள் வரும். அவற்றை அவள் வாக்கியமாக்குவாள். மழைக்கு அலுவலகக் கையேட்டில் மூன்றே படிகள். ஏழு சென்டிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் ஹெவி. பன்னிரண்டைத் தாண்டினால் வெரி ஹெவி. இருபதைத் தாண்டினால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. ஊரில் மற்றவர்களுக்கு வெரி என்பது வாய்க்கு வந்தபடி போட்டுக்கொள்ளும் சொல். அவளுக்கோ அது பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் நடுவில் நிற்கும் எட்டு சென்டிமீட்டர் தண்ணீர்.

இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவன் அவளைப் பார்த்து, பயங்கர அழகாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு, பயங்கரம் எங்கிருந்து வந்தது என்று கால் மணி நேரம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவன் அழகு என்பதோடு நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நாளில் அதையும் நிறுத்திக்கொண்டான்.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஒன்பது பிள்ளைகளை வீடுவீடாக ஏற்றி, அவனுடைய அக்கா தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் இறக்கிவிடுவான். ஆக மழை பெய்தால் அந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்கு வேலை. தம்பி மனைவி அறிக்கை எழுதுவாள், அக்கா அதைப் படித்துப் பள்ளி உண்டா இல்லையா என்று முடிவு செய்வார், தம்பி வண்டியை எடுப்பான் அல்லது எடுக்கமாட்டான். முடிவு செய்வதில் அக்காவுக்குச் சிரமம் ஒன்றும் கிடையாது. கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. காலை அறிக்கையில் எக்ஸ்ட்ரீம்லி என்ற சொல் இருந்தால் தலைமை ஆசிரியர் தாமாகவே விடுமுறை விடலாம். அதற்குக் குறைந்த எதற்கும் விடுமுறை விட்டால் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

அக்காவுக்கு, அதாவது அகராதியின் அண்ணிக்கு, ஆங்கிலம் என்றால் உயிர். ஏழாம் வகுப்புக்கு இன்னும் அவரே பாடம் எடுத்தார். அந்த வகுப்பில் வெரி என்று எழுதக் கூடாது. எழுதினால் சிவப்பு மையில் சுழித்து, அதற்குப் பதிலாக வரக்கூடிய பத்துச் சொற்களைப் பிள்ளை எழுதிக்கொண்டு வரவேண்டும். வெரி என்பது சோம்பேறியின் சொல் என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் அன்றைய செய்தித்தாளை மேஜையில் விரித்து வைத்து, வானிலைப் பகுதியைத் தம்பி மனைவியிடம் காட்டினார். இருபது வருஷமாக இதே மூன்று சொல்தானா, பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்கள் ஆங்கிலம் எப்படி உருப்படும் என்று கேட்டார். அவை சொற்கள் அல்ல அண்ணி, அளவுகள் என்றாள் இவள். அளவாக இருந்தால் என்ன, கொஞ்சம் அழகாக இருக்கக் கூடாதா என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது என்று இவள் நினைத்தாள். அண்ணி வீட்டுக்குப் போய் வானிலை இயக்குநருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். பொதுமக்களில் ஒருவர் என்றுதான் கையெழுத்துப் போட்டார். எல்லாம் இவளுடைய நன்மைக்குத்தான்.

இயக்குநர் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. போவதற்குள் எதையாவது புதிதாகச் செய்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கடிதம் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. உடனே ஒரு மொழி ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் அதுவரை ஷாம்புவுக்கும் பிஸ்கட்டுக்கும் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர்தான். எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். ஒரு வாரம் உட்கார்ந்து மஞ்சள் அட்டை ஒன்று தயார் செய்தார். வெரிக்கும் எக்ஸ்ட்ரீம்லிக்கும் மாற்றாகப் பத்தொன்பது சொற்கள். எக்ஸீடிங்லி, ட்ரெமெண்டஸ்லி, இம்மென்ஸ்லி, டெரிப்ளி, ஆஃபுலி என்று அட்டையின் அடி வரைக்கும் இறங்கியது. கீழே ஒரு விதி. பழையதோ புதியதோ, ஒரே சொல் அடுத்தடுத்த இரண்டு நாள் அறிக்கையில் வரக் கூடாது.

அகராதி அட்டையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். இதில் டெரிப்ளி எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டாள். அதெல்லாம் ஒரு உணர்வும்மா என்றார் ஆலோசகர். உணர்வை மழைமானியில் அளக்க முடியாது என்று இவள் சொல்ல, இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பெயருக்கு ஏற்ற மாதிரி அகராதித்தனம் பண்ணாதே என்றார். அவள் தன் ஆட்சேபத்தைக் கோப்பில் எழுதி வைத்தாள். அவர், பார்த்தேன், என்று அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரம் தூறலோடு போயிற்று. தூறலுக்கும் அட்டை உண்டு என்று சொல்லிவிட்டதால் ஒருநாள் ஆஃபுலி லைட் ரெயின் என்று எழுத வேண்டி வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் மொழிபெயர்ப்பாளர் அதை 'மோசமான லேசான மழை' என்று போட்டார். மறுநாள் டெரிப்ளி க்ளியர் ஸ்கை 'பயங்கரமான தெளிவான வானம்' ஆயிற்று. அன்று நாலைந்து பேர் அலுவலகத்துக்குப் போன் செய்து வீட்டைக் காலி பண்ண வேண்டுமா என்று கேட்டார்கள். தொலைபேசி அழைப்புகள் மூன்று மடங்காகிவிட்டன என்று தொலைபேசிப் பிரிவு எழுதிக் கொடுத்தது. பார்த்தீர்களா, மக்கள் இப்போதுதான் அறிக்கையைப் படிக்கவே ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார் ஆலோசகர்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கணிப்பு அறையிலிருந்து வந்த எண் இருபத்துநாலு. அவள் அதை இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு முந்தைய நாள் அறிக்கையைப் பார்த்தாள். முந்தைய நாள் மழையே இல்லை. ஒரே புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்கு எக்ஸ்ட்ரீம்லியைச் செலவு செய்தாகிவிட்டது. விதிப்படி இன்று அந்தச் சொல் கிடையாது.

இயக்குநரை வீட்டில் எழுப்பினாள். அவர் தூக்கக் கலக்கத்தில் பொறுமையாகவே பேசினார். அட்டையில் எக்ஸீடிங்லி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அதற்கும் இதற்கும் ஒரே அர்த்தம்தானே என்றார். அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பள்ளிக்கூடங்கள் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை, சொல்லைத்தான் பார்க்கின்றன என்றாள் இவள். ஆங்கிலம் தெரிந்தவர்கள்தானே தலைமை ஆசிரியர் ஆகிறார்கள், அவர்களுக்குப் புரியும் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். ஐந்தரை மணிக்கு அவள் எக்ஸீடிங்லி ஹெவி ரெயின் என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்திருந்தது. ஆனால் ஒரு சொட்டு இல்லை.

ஆறேகாலுக்குக் கணவன் வேன் ஷெட்டிலிருந்து கூப்பிட்டான். அறிக்கையைப் போனில் பார்த்திருந்தான். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. வரவேண்டிய ஒரு சொல் மட்டும் தெரியும்.

"எக்ஸ்ட்ரீம்லி இல்லையே?" என்று கேட்டான்.

"அந்த வார்த்தை இல்ல."

"சரி, அப்போ வண்டிய எடுக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அறிக்கையில் இல்லாத எதையும் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யாரிடமும் தனியாகச் சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதை ஒருமுறைகூட மீறியதில்லை. மேலும் அவன் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி. அதற்குள் பக்கத்து மேஜைத் தொலைபேசி அடித்தது. இவள் அதை எடுக்கத் திரும்பினாள். அவன் வைத்துவிட்டான்.

அதே நேரம் அண்ணி பள்ளியில் தன் அறையில் நின்றபடியே அறிக்கையைப் படித்தார். எக்ஸீடிங்லி. அவருக்கு மிகவும் பிடித்த சொல். ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்த பத்தில் மூன்றாவது. ஆனாலும் விஷயம் பள்ளி சம்பந்தப்பட்டது என்பதால் மனப்பாடத்தை நம்பாமல் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். எக்ஸீடிங்லி என்றால் வெரி என்று போட்டிருந்தது. வெரி என்றால் விடுமுறை இல்லை. வழக்கம்போல் வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஏழே முக்காலுக்குப் பிடித்த மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. வேனில் ஒன்பது பிள்ளைகளும் ஏறியாகிவிட்டது. ரயில் பாலத்துக்கு அடியில் போகும் சாலையில்தான் பள்ளிக்குப் போகவேண்டும். இறங்கும்போது தண்ணீர் சக்கரத்தின் பாதியில் இருந்தது. நடுவில் போனபோது கதவுக்கு வந்துவிட்டது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். தண்ணீர் உள்ளே வந்து பைகள் மிதக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

பாலம் தாண்டினால் மேடு. மேட்டில் மெத்தைக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டிருந்தவர் இவனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவன் ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் தூக்கிக்கொண்டு வர, கடைக்காரர் கரையில் நின்று வாங்கினார். ஒன்பது நடை. நாலாவது நடையில் தண்ணீருக்கு அடியில் ஏதோ இரும்பு அவன் முழங்காலைக் கிழித்தது. அவன் நிற்கவில்லை. கடைசியாக வந்த சிறுமி, தன் பென்சில் டப்பா வண்டியிலேயே இருக்கிறது, போய் எடுத்து வாருங்கள் அங்கிள் என்று சொன்னாள். பத்தாவது நடையும் போனான்.

பகல் முழுக்கப் பிள்ளைகள் மெத்தைக் கடையின் மாடியில் இருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் மேல் குதித்தார்கள். கடைக்காரர் முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு எது நன்றாகத் துள்ளுகிறது என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

அகராதிக்குச் செய்தி ஒன்பதரைக்குத் தெரிந்தது. வேலை முடிந்ததும் பத்து மணிக்குக் கிளம்பினாள். பஸ் ஓடவில்லை. சுற்று வழியில் இடுப்பளவு ஈரத்தோடு நடந்து அவள் அந்தக் கடைக்கு வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளை எண்ணினாள். ஒன்பது. கணவன் மூலையில் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு மெத்தை மேல் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தான். ஈரத்தோடு உட்கார்ந்தால் மெத்தை கெட்டுவிடும் என்று.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும். இருபத்துநாலு."

அவன் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் வார்த்தைய கேட்டேன், நீ வார்த்தைய சொன்ன. உன்மேல தப்பில்ல. இனிமே நான் மழைய கேக்கிறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று அவன் முழங்கால் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தார். தம்பியின் காலைப் பார்த்துவிட்டு நேராக இவளிடம் திரும்பி, நீ எக்ஸ்ட்ரீம்லி என்று எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டார். நீங்கள் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேன் என்றாள் இவள். பெயரில்லாத அந்தக் கடிதத்தை இயக்குநர் காட்டிய அன்றே அது யாருடையது என்று இவளுக்குத் தெரியும். அந்த நடையில் ஆங்கிலம் எழுதுகிறவர் ஊரில் ஒருவர்தான். அண்ணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் அதோடு வரவில்லை.

விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று பேர். அவர்கள் முன்னால் மேஜையில் மூன்று அகராதிகள். முதல் அகராதி எக்ஸீடிங்லிக்கு வெரி என்றது. அது அண்ணி கொண்டுவந்தது. இரண்டாவது எக்ஸ்ட்ரீம்லி என்றது. அது இயக்குநர் கொண்டுவந்தது. மூன்றாவது குழுவுக்குச் சொந்தமானது. அதில் இரண்டுமே இருந்தன, நடுவில் ஓர் அரைப்புள்ளியோடு. அந்த அரைப்புள்ளிக்கு 'அல்லது' என்று பொருளா, 'மேலும்' என்று பொருளா என்பதில் குழுவின் ஒரு முழு முற்பகல் போயிற்று.

ஆலோசகரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறிக்கையின் நடை பற்றி வாசகர்கள் பாராட்டியிருக்கிறார்கள் என்று ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். வேன்காரனைக் கூப்பிட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டார்கள். அவன் எழுந்து நின்று கையை மார்புக்கு நேராக வைத்துக் காட்டினான். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று சுருக்கெழுத்தர் தலைவரைப் பார்த்தார். வெரி டீப் என்றால் மிகைப்படுத்திய மாதிரி இருக்கும், கன்சிடரப்ளி என்று போடு என்றார் தலைவர். இன்னொரு உறுப்பினர் ராதர் போதும் என்றார். அவர்கள் பேசி முடிக்கும் வரை அவன் கையை அங்கேயே வைத்திருந்தான்.

கடைசியில் அகராதியைக் கேட்டார்கள். மழை இருபத்துநாலு சென்டிமீட்டர் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது. கணவர் போன் செய்தபோது ஏன் சொல்லவில்லை?

"அவர் கேட்டதுக்குச் சரியான பதில் சொன்னேன் சார். அதுதான் நான் செஞ்ச தப்பு."

சுருக்கெழுத்தர் பேனாவை நிறுத்தினார். சரியான பதில் தப்பாகாது, அந்தக் கடைசி வாக்கியம் வேண்டாம் என்றார் தலைவர். பதிவில் அவள் விதிப்படி நடந்துகொண்டாள் என்று மட்டும் ஏறியது.

குழு ஆறு வாரத்தில் அறிக்கை கொடுத்தது. யார் மேலும் குற்றமில்லை. சுற்றறிக்கையில்தான் குறை. எனவே கல்வி அலுவலகம் புதிய சுற்றறிக்கை வெளியிட்டது. மஞ்சள் அட்டையின் பத்தொன்பது சொற்களும் எக்ஸ்ட்ரீம்லிக்குச் சமம், காலை அறிக்கையில் இவற்றில் எது இருந்தாலும் பள்ளிக்குக் கட்டாய விடுமுறை. மழைக்குப் பக்கத்தில் வந்தால் மட்டுமா, வேறு எதற்குப் பக்கத்தில் வந்தாலுமா என்று யாரும் எழுதவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் இதமாக ஆன ஒரு வெள்ளிக்கிழமை. வானம் கழுவி விட்டது போல் இருந்தது. ஆலோசகர் முதல்நாளே சொல்லியிருந்தபடி அகராதி இம்மென்ஸ்லி ப்ளெஸண்ட் வெதர் என்று எழுதினாள். அவளுக்குச் சுற்றறிக்கை நினைவிருந்தது. எழுதாமல் இருக்க முடியுமா என்று கேட்கவும் கேட்டாள். நல்ல நாளை நல்ல நாள் என்று சொல்ல ஏன் பயம் என்றார்கள். ஊர் முழுக்கப் பள்ளிகள் மூடின. பிள்ளைகள் தெருவெல்லாம் பந்து விளையாடினார்கள். அவள் கணவன் பழுது நீங்கி வந்த வேனைக் கழுவித் துடைத்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மறுபடியும் கழுவினான். அப்படி அந்த மாதத்தில் மட்டும் நாலு நாள். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தார்கள். அண்ணி எல்லோருக்கும் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். காட்டும்போது அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை என்று தம்பி வீட்டில் வந்து சொன்னான்.

அடுத்த பருவத்தின் முதல் பெருமழைக்குக் கணிப்பு அறை கொடுத்த எண் முப்பத்தொன்று. அகராதி மஞ்சள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். முந்தைய நாள் போனது போக இன்னும் பதினெட்டு இருந்தது. எதையும் எடுக்கவில்லை. முப்பத்தொரு சென்டிமீட்டர் மழை பெய்யும், பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள் என்று இரண்டே வரி ஆங்கிலத்தில் எழுதி, யாரையும் எழுப்பாமல் அனுப்பினாள். பிறகு கணவனுக்குப் போன் செய்தாள். அவன் கேட்பதற்கு முன்பே, வண்டியை எடுக்க வேண்டாம் என்றாள். எடுக்கவில்லை என்றான் அவன்.

அண்ணி அந்த இரண்டு வரியைப் படித்தபோது அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்தொன்பது சொற்கள் கொண்ட சுற்றறிக்கை இருந்தது. அறிக்கையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அதாவது விதிப்படி பள்ளி உண்டு. அவர் காவலாளியைக் கூப்பிட்டு வாசல் கதவைப் பூட்டச் சொன்னார். வீடுவீடாக அவரே போன் செய்து யாரும் வரவேண்டாம் என்று சொன்னார்.

மழை சொன்னபடி பெய்தது. பாலத்துக்கு அடியில் அன்று எந்த வண்டியும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஒருத்திக்கு அங்கீகரிக்கப்பட்ட நடையை மீறி அறிக்கை எழுதியதற்காக. இன்னொருவருக்கு அங்கீகரிக்கப்பட்ட சொல் இல்லாமல் விடுமுறை விட்டதற்காக. அன்று சாயங்காலம் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. பத்து மாதத்துக்குப் பிறகு அண்ணி உள்ளே வந்து, மேஜையில் தன் ஓலையை வைத்தார்.

"உனக்கு வந்ததைக் காட்டு," என்றார்.

இவள் காட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அண்ணி இவளுடைய ஓலையில் இருந்த இரண்டு இலக்கணப் பிழைகளைப் பென்சிலால் சுழித்தார். பதில் எப்படி ஆரம்பிப்பது என்று பேச்சு வந்தது. வருந்துகிறேன் என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்பார்கள் என்றார் அண்ணி.

"நீங்க வருந்துறீங்களா அண்ணி?"

அவர் யோசித்தார். "போன வருஷத்துக்கு வருந்துறேன்மா. இதுக்கு இல்ல," என்றார். இவள் கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

தம்பி இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நாளைக்கு வண்டி எடுக்கலாமா என்று கேட்டான். எடுக்கலாம் என்றாள் அவள். மறுநாள் பாலத்துக்கு அடியில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் இருந்தது. அவன் அதில் மெதுவாக வண்டியை இறக்கி, ஒன்பது பிள்ளைகளையும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.